“நான் என்ன தப்பு பண்ணினேன்?” ஹெபடைடிஸ் பி டெஸ்ட்டுக்கு மறுக்கும் அம்மா

பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து முப்பது வயது வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 49 வயது. கணவர் இறந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. தக்காளித் தோட்டத்துக் கூலி வேலைக்குப் போய்த்தான் மகளையும் மகனையும் ஆளாக்கியிருக்கிறார். ஒரு வருடமாக மாதவிலக்கின்போது ரத்தப்போக்கு ரொம்ப அதிகம். தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, எடுத்துவிடுவது நல்லது என்று சொல்லி நாளும் குறித்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைக்காக லேப் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, உள்ளேயிருந்து ஒரு பையன் சீட்டைப் பார்த்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி, “ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் டெஸ்ட்டுக்கு வந்தது யாரும்மா?” என்று பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறார். எதிர் பெஞ்சில் இவர்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர். அம்மா எழுந்தார், செருப்பை மாட்டினார், நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார்.

“புருஷன் இல்லாதவன்னா என்ன வேணும்னாலும் நினைப்பாங்களா? நான் என்ன தப்பு பண்ணினேன்?” என்று வீட்டில் ஒரே அழுகை. அன்றிலிருந்து ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாராம்.

மகள் கேட்பது இவை. இந்த டெஸ்ட் கட்டாயமா, மறுத்தால் ஆபரேஷன் செய்ய மாட்டார்களா? சுகர் டெஸ்ட் என்று சொல்லி அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துவிடலாமா? தெரிந்த கம்பவுண்டர் ஒருவர், டெஸ்ட் எதுவும் கேட்காத நர்சிங் ஹோம் ஒன்றுக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறார், போகலாமா? ஒருவேளை பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் ஊருக்குத் தெரியுமா, பெண் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பியின் கல்யாணம் என்ன ஆகும்? கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: “எங்க தாய்மாமாவும் இப்படித்தான் ஈரல் கெட்டு 46 வயசுல போய்ட்டார், அவர் ஒரு சொட்டு குடிச்சதில்லை டாக்டர், அதனால அம்மாவுக்கு ஆஸ்பத்திரின்னாலே பயம்.”

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம், ஏனென்றால் மற்றவர்கள் எல்லோரும் அவரைச் சமாதானப்படுத்தத்தான் பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது, யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை.

பாருங்கம்மா, உங்கள் அம்மா கோபப்பட்டதில் பாதி நியாயம். ஒரு பெண்ணின் பெயரையும் அவருக்கு எடுக்கப்போகும் டெஸ்ட்டின் பெயரையும் சேர்த்துப் பொதுக்கூடத்தில் கூவுவது தவறு, அதற்குச் சாக்கு எதுவும் கிடையாது. இந்த டெஸ்ட்டை வேண்டாம் என்று சொல்லும் நோயாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தனியாக உட்காரவைத்து, எதற்காக எடுக்கிறோம், வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று இரண்டு நிமிடம் பேசினால் பெரும்பாலானவர்கள் கையை நீட்டிவிடுவார்கள். அந்த இரண்டு நிமிடத்தைத்தான் பல இடங்களில் யாரும் கொடுப்பதில்லை. ‘பேஷன்ட் கோஆபரேட் பண்ணலை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதற்கு மட்டும் நேரம் இருக்கிறது.

மீதிப் பாதி கோபம் தவறான தகவலால் வந்தது. அதை மட்டும் சரிசெய்தால் போதும்.

ஒழுக்கத்துக்கும் இந்த டெஸ்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஹெபடைடிஸ் பி என்பது கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ். ரத்தம் வழியாகப் பரவும், உடலுறவு வழியாகப் பரவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும். ‘உடலுறவு’ என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஹெச்.ஐ.வி.யோடு ஒரே சீட்டில் எழுதுவதையும் பார்த்து, இது ‘அந்த மாதிரி’ வியாதி என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

இந்த வைரஸ் பெரியவர் ஒருவர் உடம்புக்குள் புதிதாகப் போனால், 100 பேரில் 95 பேருக்கும் மேல் ஆறு மாதத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்குப் போனால் கதை தலைகீழ். 100 குழந்தைகளில் ஏறக்குறைய 90 பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். சின்ன வயதுக் குழந்தைகளுக்கும் தங்கிப்போகும் வாய்ப்பு பெரியவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இதிலிருந்து என்ன தெரிகிறது? 49 வயதுப் பெண் ஒருவருக்குப் பல வருடமாகத் தங்கிவிட்ட ஹெபடைடிஸ் பி இருப்பதாகத் தெரியவந்தால், அது அவர் பிறக்கும்போதோ பால்பல் விழாத வயதிலோ வந்ததாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்த வயதில் அவர் என்ன தப்பு பண்ணியிருக்க முடியும்?

உங்கள் அம்மா குழந்தையாக இருந்த காலத்தை யோசியுங்கள். கண்ணாடி சிரிஞ்ச், எவர்சில்வர் கிண்ணத்தில் வெந்நீர், ஒரே ஊசியில் வரிசையாக நான்கைந்து பேருக்குப் போடுவார்கள். காது குத்துகிற ஆசாரி ஒரே கம்பியை வைத்துக்கொண்டு திருவிழாவில் எத்தனை குழந்தைகளுக்குக் குத்தினார் என்று யாருக்குத் தெரியும்? பச்சை குத்துகிறவர்களும் அப்படித்தான். நம் பக்கத்தில் இன்றைக்கும் ‘ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டர்’ என்று கேட்கிறவர்கள் உண்டு, அந்த ஆசையை நம்பியே கடை நடத்தும் போலி டாக்டர்களும் உண்டு. இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத் துளியில்கூட, குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். சும்மா கழுவித் துடைத்த ஊசி அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இன்னொன்று, இது உங்களுக்கு மட்டும். உங்களுக்கு நான்கு வயதுப் பெண் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பமாக இருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்களுக்கும் ரத்தம் எடுத்திருப்பார்கள். அந்தத் தாய் சேய் அட்டையைத் தேடி எடுத்துப் பாருங்கள், அட்டையில் இல்லாவிட்டால் அதோடு குத்திவைத்த லேப் சீட்டில் இருக்கும்: ‘ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி.’ என்று ஆங்கிலத்தில் எழுதி எதிரே ‘நான்-ரியாக்டிவ்’ (Non-reactive) என்றோ ‘நெகட்டிவ்’ என்றோ போட்டிருக்கும், இரண்டுக்கும் வைரஸ் இல்லை என்றுதான் அர்த்தம். அம்மா வேண்டாம் என்று வந்த அதே டெஸ்ட்தான் அது. பிரசவத்துக்கு வரும் எல்லாப் பெண்களுக்கும் எடுக்கச் சொல்வது. உங்களை அன்றைக்கு யாரும் தப்பாக நினைக்கவில்லையே. அம்மாவிடம் நீங்கள் பத்து நிமிடம் பேசுவதைவிட அந்த அட்டையை அவர் முன்னால் விரித்துக் காட்டுவது அதிகம் பேசும்.

மாமாவைப் பற்றிய அந்த ஒரு வரி

இப்போது நான் ஏன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன் என்பதற்கு வருகிறேன். குடிக்காத மனிதர், 46 வயதில், ஈரல் கெட்டு இறந்திருக்கிறார். அவருக்கு என்ன நோய் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, கொழுப்பு ஈரலில் தொடங்கிப் பல காரணங்கள் இருக்கின்றன. ஆனாலும் இந்த மாதிரிக் கதையைக் கேட்டால் எந்த மருத்துவருக்கும் முதலில் மனதில் வருவது ஹெபடைடிஸ் பி, அடுத்தது ஹெபடைடிஸ் சி. இரண்டுமே இருபது முப்பது வருடம் சத்தமில்லாமல் இருந்து ஈரலைச் சுருக்கிவிடும் (சிரோசிஸ்), சிலருக்குப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய்விடும். குடி வேண்டியதே இல்லை.

மாமாவுக்கு இருந்தது ஹெபடைடிஸ் பி என்றால், அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும்? உங்கள் பாட்டியிடமிருந்து வந்திருக்கலாம். அப்படியானால் பாட்டியின் மற்ற பிள்ளைகளுக்கும், அதாவது உங்கள் அம்மாவுக்கும் சித்திகளுக்கும் போயிருக்கலாம். அம்மாவிடமிருந்து உங்களுக்கும் தம்பிக்கும். இந்தியாவில் இதற்கான தடுப்பூசி 2002க்குப் பிறகு படிப்படியாகத்தான் அரசுத் திட்டத்துக்குள் வந்தது, நாடு முழுவதற்கும் வந்தது 2011-12 வாக்கில். உங்கள் வயதுக்காரர்களுக்கும் தம்பி வயதுக்காரர்களுக்கும் பிறந்தபோது அது கிடைத்திருக்க வாய்ப்பில்லை. உங்கள் மகளுக்குக் கிடைத்திருக்கும்: பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒன்று, அப்புறம் 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்க்கான கூட்டு ஊசிக்குள் சேர்த்து. அட்டையை எடுக்கும்போது அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஆகவே என் பதில் நீங்கள் கேட்டதிலிருந்து கொஞ்சம் விலகிப் போகிறது. ஆபரேஷனுக்காக இந்த டெஸ்ட்டை எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்டீர்கள். ஆபரேஷனே இல்லாவிட்டாலும் உங்கள் குடும்பத்தில் நீங்கள், தம்பி, அம்மா, மாமாவின் பிள்ளைகள் எல்லோரும் ஒரு முறை எடுத்தே ஆக வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கர்ப்பத்தின்போது உங்களுக்கு நெகட்டிவ் என்றிருந்தால் நல்லது, அதை வைத்து அம்மாவுக்கும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், தாய்க்கு இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்துவிடும் என்று இல்லை.

‘அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை, கண் மஞ்சளாகவும் இல்லை, பின் எதற்கு’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கண் மஞ்சளாகாது, பசி குறையாது, ஒன்றுமே தெரியாது. கண் மஞ்சளாகி வயிறு வீங்கும்போது பல சமயம் காலம் கடந்திருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி 2022இல் இந்தியாவில் ஏறக்குறைய 3 கோடிப் பேருக்கு இந்த வைரஸ் இருந்தது. உலகம் முழுக்க எடுத்துக்கொண்டால், இருப்பவர்களில் 13 சதவீதம் பேருக்குத்தான் அது தங்களுக்கு இருப்பதே தெரியும்.

மறுக்க உரிமை உண்டா?

உண்டு. அம்மா சுயநினைவோடு இருக்கும் பெரியவர், அவர் சம்மதிக்காமல் அவர் ரத்தத்தை எடுக்க யாருக்கும் உரிமையில்லை. ஹெச்.ஐ.வி. டெஸ்ட்டுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 2017இல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஹெச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்காமல் அந்த டெஸ்ட்டை எடுக்கக்கூடாது என்கிறது, முடிவை வெளியே சொல்வதையும் அதைக் காட்டிச் சிகிச்சை மறுப்பதையும் தடுக்கிறது. ஹெபடைடிஸ் பி-க்கு அப்படித் தனிச் சட்டம் கிடையாது. ஆனால் சம்மதம், ரகசியம், பாகுபாடு இல்லாத சிகிச்சை ஆகிய மூன்றும் மருத்துவர்களுக்கான நடத்தை விதிகளிலும், தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலும் இருப்பவைதான்.

அதற்காக ‘மறுத்துவிடுங்கள்’ என்று சொல்ல மாட்டேன். மருத்துவமனை ஏன் கேட்கிறது என்பதில் இரண்டு காரணம் இருக்கிறது, அதில் ஒன்றைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். ‘எங்கள் ஊழியர்களின் பாதுகாப்புக்கு’ என்பது அவர்கள் சொல்வது. உண்மையில் அது அவ்வளவு பலமான காரணம் இல்லை. எந்த நோயாளிக்கும் வைரஸ் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஒரே மாதிரி கையுறை, கிருமிநீக்கம், ஊசியைப் பத்திரமாகக் கழிப்பது என்று இருப்பதுதான் முறை. ஊழியர்கள் மூன்று டோஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அவசர ஆபரேஷனில் ரிசல்ட்டுக்காக யாரும் காத்திருப்பதில்லையே.

சொல்லாத காரணம்தான் உங்கள் அம்மாவுக்கு முக்கியம். ஈரல் உள்ளுக்குள் சுருங்கியிருக்கும் ஒருவரை அது தெரியாமல் மேஜையில் படுக்கவைத்தால் ரத்தம் உறையாமல் போகலாம், மயக்க மருந்தும் வலி மாத்திரையும் ஈரலுக்கு மேலும் சுமையாகலாம், கர்ப்பப்பை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து நான்காம் நாள் கண் மஞ்சளாகலாம். முன்பே தெரிந்தால் இரண்டு டெஸ்ட் கூடுதலாக எடுத்து, மருந்தை மாற்றி, தேவையானால் நாளைத் தள்ளிவைத்துச் செய்வார்கள். மாமாவின் கதை தெரிந்த பிறகு இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆபரேஷனுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்புறம், மாமாவைப் பற்றி அந்த மருத்துவமனையில் நீங்கள் சொன்னீர்களா? கடிதத்தைப் பார்த்தால் யாரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. சொல்லுங்கள்.

சுகர் டெஸ்ட் என்று சொல்லி எடுத்தால்?

வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள், புரிகிறது. நெகட்டிவ் என்று வந்தால் பிரச்சினை இல்லை, யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று கணக்குப் போடுகிறீர்கள். பாசிட்டிவ் என்று வந்தால் அதை எந்த வாயால் சொல்வீர்கள்? ‘சுகருக்குத்தானே எடுத்தீங்க?’ என்று அவர் கேட்பார். அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு வர வேண்டியவர் அவர், ஒருவேளை தினமும் மாத்திரை போட வேண்டியவரும் அவர். அந்த நம்பிக்கையை முதல் நாளே உடைத்துவிட்டு எப்படி அழைத்துப்போவீர்கள்? சட்டப்படியும் தவறு, அதைச் செய்யச் சம்மதிக்கும் லேப்பும் நல்ல லேப் இல்லை.

டெஸ்ட் கேட்காத நர்சிங் ஹோம்

கம்பவுண்டர் சொன்ன இடம் எது என்று நான் கேட்கவில்லை. டெஸ்ட் கேட்கவில்லை என்பதற்காக மட்டும் ஒரு இடம் மோசம் என்று ஆகிவிடாது, மேலே சொன்னபடி முக்கியம் கிருமிநீக்கம்தான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். உங்கள் அம்மாவைக் கேட்காதவர்கள் அவருக்கு முன்னால் அதே மேஜையில் படுத்தவரையும் கேட்டிருக்க மாட்டார்கள். கருவிகளை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் கருவி) போட்டார்களா, ஸ்பிரிட்டில் முக்கி எடுத்தார்களா? ரத்த அளவு பார்த்தார்களா, மயக்க மருந்து கொடுப்பது யார், ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும்? ஒரு வருடமாக ரத்தம் அதிகமாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை எந்தப் பரிசோதனையும் இல்லாமல் மேஜையில் ஏற்றத் தயாராக இருக்கும் இடம் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஒரு வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கப் பயந்துபோய், அந்த வைரஸை வாங்கிக்கொண்டு வரக்கூடிய இடத்துக்கு நீங்களே கூட்டிப்போகாதீர்கள்.

பாசிட்டிவ் என்று வந்தால்

முதல் டெஸ்ட் பெரும்பாலும் அட்டையில் செய்வது, வீட்டில் கர்ப்பம் பார்க்கும் அட்டை மாதிரி கோடு விழும். அதில் ரியாக்டிவ் என்று வந்தால் அதோடு முடிவு கட்டாமல் எலிசா என்ற லேப் ரத்தப் பரிசோதனையில் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். உறுதியானால் அடுத்து பார்ப்பது ஈரல் எப்படி இருக்கிறது என்று: ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி., ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை, வயிற்று ஸ்கேன், ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று சொல்லும் வைரல் லோட். பாசிட்டிவ் எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படாது. பலருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும். தேவைப்படுகிறவர்களுக்குத் தினம் ஒரு மாத்திரை, டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர். வைரஸை முழுதாக அழிக்காது, அடக்கிவைக்கும், சிரோசிஸ், புற்றுநோய் வரும் ஆபத்தை நன்றாகக் குறைக்கும். ஆரம்பித்தால் நடுவில் நீங்களாக நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் வைரஸ் திடீரென்று கிளம்பி ஈரலை அடிக்கும். 2018 ஜூலை 28 முதல் நடக்கும் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

ஈரல் நன்றாக இருந்தால் ஆபரேஷன் நடக்கும். சில இடங்களில் அன்றைய பட்டியலில் கடைசியாக வைப்பார்கள், சில தனியார் இடங்களில் ‘கிட் சார்ஜ்’ என்று கூடுதல் பணம் கேட்பார்கள். எதற்கு எவ்வளவு என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக முடியாது என்றால், காரணத்தை எழுதிக் கேளுங்கள். லேப் வாசலில் நடந்ததற்கும் சேர்த்து முதலில் மருத்துவமனை நிர்வாகத்திடம், சரியான பதில் இல்லாவிட்டால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில், எழுத்து மூலமாகப் புகார் கொடுக்கலாம். தனியார் மருத்துவமனைகளின் பதிவைப் பார்த்துக்கொள்வது அந்த அலுவலகம்தான்.

வீட்டில் தட்டு, டம்ளர், சாப்பாடு, கழிவறை எதையும் பிரிக்க வேண்டாம். பேத்தியைத் தூக்கலாம், கொஞ்சலாம், பக்கத்தில் படுக்கவைக்கலாம். பிளேடு, டூத் பிரஷ், நகவெட்டி, காதணி மட்டும் தனி. தோட்டத்தில் கை கீறினால் கட்டுப்போட்டு மூடிக்கொள்ள வேண்டும். தனித் தட்டு வைத்து ஒதுக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அதனால் யாருக்கும் ஒரு பாதுகாப்பும் கிடைத்ததில்லை.

கீழாநெல்லி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது வெறும் பாட்டி வைத்தியம் என்று நான் ஒதுக்கவில்லை. இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் சென்னை ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து கீழாநெல்லி இனச் செடி ஒன்றைச் சோதித்து 1988இல் லான்செட் மருத்துவ இதழில் நல்ல பலன் இருப்பதாக எழுதினார்கள். அப்புறம் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே மாத்திரைக்குப் பதிலாக அதை நம்ப வேண்டாம். கையில் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றி மஞ்சளை இறக்குவது, சூடு போடுவது இதெல்லாம் பக்கமே போகாதீர்கள்.

தம்பி கல்யாணம்

அம்மாவுக்குப் பாசிட்டிவ் என்பது தம்பியின் கல்யாணத்தை எந்த விதத்திலும் தொடாது, அதை யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தம்பிக்கே இருந்தால் விஷயம் வேறு. அப்போது பெண்ணிடம் சொல்லித்தான் ஆக வேண்டும், மறைத்துக் கட்டிவைக்க நான் துணை போக மாட்டேன். சொன்னால் பெண் கிடைக்காது என்று நினைக்காதீர்கள். பெண்ணுக்கு 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று டோஸ் தடுப்பூசி போட்டு, எதிர்ப்பு சக்தி வந்துவிட்டதா என்று ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட்டால் அவர் பாதுகாப்பாக இருப்பார், பிறக்கும் குழந்தைக்கும் வழக்கமான தடுப்பூசி இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு கர்ப்ப காலத்து டெஸ்ட்டில் அந்தப் பெண்ணுக்கு வந்திருப்பது தெரிந்து, பழி முழுக்க அவள் தலையில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். அது நடக்காமல் இருக்கவாவது இப்போதே பார்த்துவிடுங்கள்.

தம்பி வளைகுடா வேலைக்கு முயற்சி செய்வதாக ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நாடுகளுக்கான மெடிக்கலில் இந்த டெஸ்ட் உண்டு, பாசிட்டிவ் என்றால் ‘அன்ஃபிட்’ போட்டுவிடுவார்கள். இது நிஜமான இழப்புதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டிய பிறகு தெரிவதைவிட முன்பே தெரிவது மேல்.

எப்படி ஆரம்பிப்பது

அம்மாவை மட்டும் தனியாக மறுபடி அந்த லேப்புக்குக் கூட்டிப்போகாதீர்கள். ஆபரேஷன் பேச்சை ஒரு ஓரம் வைத்துவிட்டு, “மாமாவுக்கு வந்தது நமக்கும் இருக்கான்னு பார்த்துடலாம், நான், தம்பி, நீ மூணு பேரும் எடுத்துக்கலாம்” என்று சொல்லுங்கள். முதலில் நீங்கள் கையை நீட்டுங்கள், அடுத்து தம்பி, கடைசியில் அவர். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், போவதற்கு முன் எந்தப் பிரிவு என்று 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் கண்ணில் படுமே என்ற தயக்கம் இருந்தால் கிருஷ்ணகிரிக்குப் போங்கள், அங்கேயும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்கு ரொம்பத் தூரமும் இல்லை. ஹெபடைடிஸ் சி-யையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள், மாமாவின் பழைய ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எதுவாவது அத்தை வீட்டில் கிடந்தால் கையோடு கொண்டுபோங்கள், அந்த ஒரு காகிதம் பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும். மூன்று பேருக்கும் நெகட்டிவ் என்றால் அன்றைக்கே தடுப்பூசியின் முதல் டோஸ் பற்றிக் கேளுங்கள், அதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இத்தனையும் எழுதிவிட்டாலும், உங்கள் கடிதத்தில் என்னை உடனடியாகக் கவலைப்படுத்தியது வைரஸ் இல்லை. ‘மோட்டார் ரூம் வரைக்கும் நடந்தாலே மூச்சு வாங்குகிறது, உள்ளங்கை வெளுத்துப்போயிருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது கடுமையான ரத்தசோகையாக இருக்கலாம். மற்ற டெஸ்ட்டுக்கு அவர் சம்மதிக்கும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 7க்குக் கீழே இருந்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். மணிக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவுக்குப் போனாலோ தலைசுற்றி விழுந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள், அந்த நேரத்தில் ஹெபடைடிஸ் ரிசல்ட் எங்கே என்று யாரும் கேட்கக்கூடாது. கேட்டால் மாமாவைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு, ரத்தம் ஏற்றும் வேலையை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.